ஐஸ் தண்ணீரும் வெந்நீரும்

அன்பு மருமகளுக்கு,

ரவீந்திர சரோவர் ஏரியைச் சுற்றி ஓடிவிட்டு வந்தால் ஐஸ் தண்ணீரில் உட்காருவதா, வெந்நீரில் காலை ஊறவைப்பதா என்று கேட்டிருந்தாய். அடுத்து எப்போது ஓடவேண்டும் என்பதைச் சொல். பதில் அதில்தான் இருக்கிறது.

லாக்டிக் அமிலம் தேங்கியதால் வலி என்று மைதானத்தில் சொல்வார்கள். நம்பாதே. அது ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து நீங்கிவிடும். மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் படி இறங்கும்போது தொடையைப் பிடிக்கும் வலிக்குக் காரணம், பழகாத உழைப்பால் தசை இழைகளில் விழுந்த நுண்ணிய கிழிசல்களும் அவற்றை ஆற்ற எழும் அழற்சியும். குளிர்நீர் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, நரம்புகளை மரத்துப்போகச் செய்கிறது. 2012-ல் காக்ரேன் அமைப்பு 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. சும்மா ஓய்வெடுத்தவர்களைவிடக் குளிர்நீரில் இருந்தவர்களுக்கு வலி குறைவுதான்.

ஆனால் பயிற்சிக்குப் பிறகு தசை வளர்வதற்கான வேலையையும் அதே குளிர் மட்டுப்படுத்தக்கூடும். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2015-ல் வெளியிட்ட ஆய்வில் 21 ஆண்கள் 12 வாரம் எடைப் பயிற்சி செய்தார்கள். பயிற்சி முடிந்ததும் 10 நிமிடம் குளிர்நீரில் இருந்தவர்களுக்கு, மெதுவாக சைக்கிள் மிதித்தவர்களைவிடத் தசையும் வலுவும் குறைவாகவே கூடின. அதனால் ஜிம்முக்குப் போகும் நாளில் ஐஸ் வேண்டவே வேண்டாம். இன்று ஓடி நாளையும் போட்டி இருந்தால் தாராளமாக இறங்கு. டிசம்பரில் ரெட் ரோட்டில் தொடங்கும் 25 கிலோமீட்டர் போட்டியை ஓடி முடித்த பிறகு இறங்குவது உன் சுகத்துக்குத்தான், அதிலும் தப்பில்லை.

தண்ணீர் 10 முதல் 15 டிகிரிக்குள் இருக்கவேண்டும். கொல்கத்தாக் கோடையில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் அந்தப் பக்கமே வராது. 28 டிகிரியில் 50 லிட்டர் தண்ணீரை 15-க்கு இறக்க ஏறக்குறைய 7 கிலோ ஐஸ் பிடிக்கும். மீன் சந்தை ஐஸ் பாளத்தை வாங்கிவிடாதே. கொப்புளம் உடைந்த காலுக்கு அது ஆகாது. இடுப்பளவு தண்ணீரில் 10 நிமிடம் போதும், வீட்டில் ஆள் இருக்கும்போது மட்டும். இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்கவே கூடாது.

38 டிகிரி வெந்நீரிலும் குளிர்நீரிலும் நிமிடத்துக்கு நிமிடம் மாறி மாறிக் காலை வைப்பதும் வலியைத் தணிக்கும். வெறும் குளிர்நீரைவிட அது மேல் என்று நிரூபணமாகவில்லை. விறைப்புக்கு வெந்நீர் இதம். புதிதாகச் சுளுக்கி வீங்கிய கணுக்காலுக்கு முதல் இரண்டு நாள் வெந்நீர் காட்டாதே.

இன்னொன்று, இது உயிர் விஷயம். மே மாத வெயிலில் உன்னோடு ஓடுகிற யாராவது தடுமாறி உளறினால், அது வெப்பத்தாக்காக இருக்கலாம்; தசை வலிக் கணக்கெல்லாம் பார்க்காதே. ஆம்புலன்சைக் கூப்பிடச் சொல்லிவிட்டு, அது வரும்வரை காத்திராமல் ஆளைக் கழுத்துவரை குளிர்ந்த தண்ணீரில் இறக்கித் தலையைப் பிடித்துக்கொள். தொட்டி இல்லையென்றால் உடம்பு முழுக்க ஐஸ் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இரு.

உன் அத்தை