குமரி மலையில் தங்க வருகிறீர்களா? சில நம்பிக்கைகளும் உண்மைகளும்

குலசேகரம், பேச்சிப்பாறை, திற்பரப்பு, கீரிப்பாறை, பாலமோர் பக்கமெல்லாம் இப்போது தங்கும் வீடுகள் பெருகிவிட்டன. சனி, ஞாயிறு வந்தால் திருநெல்வேலியிலிருந்தும் மதுரையிலிருந்தும் திருவனந்தபுரத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். வரட்டும், சந்தோஷம்தான். ஆனால் ஊட்டியும் கொடைக்கானலும் பார்த்த பழக்கத்தில் வருகிறவர்கள் இங்கே சில இடங்களில் ஏமாறுகிறார்கள், சில இடங்களில் ஆபத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். எங்கள் வீட்டில் தங்க வருகிறவர்கள் பையை இறக்கி வைத்ததும் அவர்களிடம் நான் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

நம்பிக்கை: கன்னியாகுமரி என்றால் கடல்தான், மலை பார்க்க வேறு ஊருக்குப் போக வேண்டும்.

உண்மை: மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே வந்து முடிகிற மாவட்டம் இது. 2008-ல் அறிவிக்கப்பட்ட கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம் மட்டுமே 402 சதுர கிலோமீட்டர். மாவட்டத்தின் பரப்பில் ஏறக்குறைய கால் பங்கு. யானை, காட்டெருமை, கடமான், புலி எல்லாம் உண்டு. முக்கடல் ஓரத்தில் சூரியோதயம் பார்த்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியுமாகக் காட்டோரத்தில் வந்து உட்கார்ந்துவிடலாம்.

நம்பிக்கை: மலை என்றால் குளிரும், ஸ்வெட்டர் வேண்டும்.

உண்மை: முத்துக்குழிவயல் 4,000 அடிக்கு மேல் இருக்கிறது; அங்கே குளிரும். ஆனால் தங்கும் வீடுகளில் பெரும்பாலானவை மலையடிவாரத்தில், கடல்மட்டத்திலிருந்து சில நூறு அடி உயரத்தில்தான் இருக்கின்றன. இங்கே உள்ளது குளிர் இல்லை, ஈரம். துவைத்துப் போட்ட துணி இரண்டு நாளானாலும் காயாது. ஸ்வெட்டருக்குப் பதிலாக மாற்றுத்துணி இரண்டு கூடுதலாக வையுங்கள். குடையும் வழுக்காத செருப்பும் கட்டாயம். குளிரை நினைத்து ஜனவரி, பிப்ரவரியில் வருகிறவர்களுக்கு இன்னொரு செய்தி: ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கிற காலம் அது. பச்சைப்பசேல் என்று படத்தில் பார்த்த சரிவு மொட்டையாக நிற்கும். மார்ச்சில் துளிர் தழைத்த பிறகு மறுபடி பச்சை பிடிக்கும்.

நம்பிக்கை: செப்டம்பரோடு மழைக்காலம் முடிந்துவிடும்.

உண்மை: தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் நன்றாகப் பெய்கிற மாவட்டம் இது. ஜூன் மழையை நம்பிக் கன்னிப்பூ, அடுத்த மழையை நம்பிக் கும்பப்பூ என்று நாஞ்சில் நாட்டு வயலில் இரண்டு போகம் விளைந்ததே அதனால்தான். ஒக்கி புயல் அடித்தது 2017 நவம்பர் 30 அன்று. ரப்பரும் வாழையும் சாய்ந்து, பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. 2021 நவம்பர் மழையில் ஆறுகள் கரை புரண்டன. ரயில் பாதையில் மண் சரிந்தது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வருகிறவர்கள் வானிலை அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கனமழை எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள்.

நம்பிக்கை: வெயில் அடிக்கிறது, மழை இல்லை, ஆற்றில் இறங்கிக் குளிக்கலாம்.

உண்மை: உயிரைக் கொண்டுபோகிற நம்பிக்கை இது. நீங்கள் நிற்கிற இடத்தில் சுள்ளென்று வெயில் அடிக்கலாம். மேலே காட்டில் பெய்த மழை கீழே வந்து சேரச் சிறிது நேரம் போதும். காளிகேசம் போன்ற இடங்களில் ஆறு பாறைகளுக்கு நடுவே குறுகி ஓடுகிறது. அகலமான ஆற்றில் மெல்ல ஏறுகிற தண்ணீர் இங்கே சட்டென்று ஏறிவிடும்.

வெள்ளம் சொல்லிக்கொண்டுதான் வருகிறது. நமக்குத்தான் அது தெரிவதில்லை. அடிக்கல் தெரிகிற தெளிந்த தண்ணீர் கலங்கிச் சாயா நிறத்துக்கு மாறும். காய்ந்த இலையும் சுள்ளியும் நுரையோடு மிதந்து வரும். சலசலவென்று கேட்ட சத்தம் கனத்து, இரைச்சலாக மாறும். கொஞ்ச நேரம் முன்பு வெளியே தெரிந்த கல் தண்ணீருக்குள் போயிருக்கும். இதில் ஒன்றைக் கண்டாலும் துணி, செருப்பு, கைபேசி எதையும் எடுக்கத் திரும்பாமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கரையேறிவிட வேண்டும். எதிர்க்கரையில் மாட்டிக்கொண்டால் ஆற்றைக் கடக்க முயலாமல் மேடான இடத்துக்கு ஏறி நின்று உதவிக்குக் கூப்பிடுங்கள்.

திற்பரப்பு அருவிக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அது கோதையாற்றில் இருக்கிறது. மேலே இருக்கிற பேச்சிப்பாறை அணை 1906-ல் கட்டி முடிக்கப்பட்டது. முழு நீர்மட்டம் 48 அடி. மழை வலுத்து அணையில் உபரிநீர் திறந்தால் அருவியில் வெள்ளம் கொட்டும், குளிக்கத் தடை போடுவார்கள். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சிற்றாறு அணைகளின் நீர்மட்டம் இங்கே தினமும் செய்தித்தாளில் வரும். எங்கள் ஊர்க்காரர்கள் சாயாக் கடையில் முதலில் பார்க்கிற செய்தி அது. கிளம்பும் நாள் காலையில் நீங்களும் பாருங்கள். கயிறு கட்டித் தடுத்திருந்தால் காவலரிடம் வாதாடாதீர்கள்.

நம்பிக்கை: பச்சையாக இருப்பதெல்லாம் காடு, எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம்.

உண்மை: தங்கும் வீட்டைச் சுற்றி நீங்கள் பார்ப்பதில் பெரும்பகுதி ரப்பர் தோட்டம். சிலது தனியாருடையது, சிலது அரசு ரப்பர் கழகத்துடையது. ஒவ்வொரு மரமும் யாரோ ஒருவருடைய அன்றாடக் கூலி. விடியும் முன்னே மரங்களுக்கிடையில் அசைகிற வெளிச்சத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு பால் வெட்டுகிறவர்கள் அவர்கள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால்தான் அந்த நேரத்தில் வெட்டுகிறார்கள். பட்டையில் சாய்வாக இறங்குகிற வெட்டின் முனையில் ஒரு தகடு, அதன் கீழே சிரட்டை. சொட்டுச் சொட்டாகப் பால் விழுவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். சிரட்டையை எடுக்காதீர்கள், கவிழ்க்காதீர்கள், வெட்டைக் கையால் தடவாதீர்கள். சிரட்டை கவிழ்ந்தால் அந்த மரத்தின் அன்றைய வரும்படி போயிற்று.

நம்பிக்கை: வரைபடத்தில் கோதையாறு பக்கத்தில்தான் தெரிகிறது, மேல்கோதையாறு வரை காரில் போய்வரலாம்.

உண்மை: பேருந்து போகிற கீழ்க்கோதையாறு வேறு, மேல்கோதையாறு வேறு. மேலே போகும் சாலை திருநெல்வேலி மாவட்டத்தில் மாஞ்சோலை வழியாக, களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் செல்கிறது. வனத்துறை அனுமதி இல்லாமல் போக முடியாது. 2023 ஜூனில் தேனியில் பிடிக்கப்பட்ட அரிக்கொம்பன் யானையைக் கொண்டுவந்து விட்டதும் அந்தக் காட்டில்தான். பின்வாசல் வழியாகக் கூட்டிப் போகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

நம்பிக்கை: அட்டை மரத்திலிருந்து விழும், உப்புப் போட்டோ சூடு வைத்தோதான் எடுக்க வேண்டும்.

உண்மை: நிலத்தட்டை சருகிலும் தாழ்ந்த செடியிலும் காத்திருந்து, நடக்கிற அதிர்வையும் மூச்சையும் உணர்ந்து காலில் ஏறுகிறது. கழுத்தில் இருந்தால் காலிலிருந்து ஊர்ந்து ஏறியது என்று அர்த்தம். சூடு வைத்தால் உங்கள் தோல்தான் வெந்துபோகும். வாய்ப்பக்கம் விரல்நகத்தை நுழைத்து நெம்பினால் வந்துவிடும். ரத்தம் உறையாமல் இருக்க ஒரு பொருளை அது செலுத்துவதால் கடிவாயில் கொஞ்ச நேரம் கசியும். சோப்புப் போட்டுக் கழுவி, அழுத்திப் பிடித்தால் போதும். சொறிந்து புண்ணாக்க வேண்டாம்.

நம்பிக்கை: பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டி, கீறி, விஷத்தை உறிஞ்ச வேண்டும்.

உண்மை: மூன்றும் கூடாது. கட்டினால் ரத்த ஓட்டம் நின்று சதை அழுகும், கீறினால் ரத்தப்போக்கு. கடிபட்டவரை நடக்க விடாமல், கை காலை அசைக்காமல் வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். நாகர்கோவில் ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பாம்பைப் பிடித்துக்கொண்டு போகத் தேவையில்லை. ரப்பர் சருகில் சுருண்டு கிடக்கிற, மூக்கு மேல்நோக்கி வளைந்த சிறிய குழிவிரியனைப் பற்றி ஒரு எச்சரிக்கை: நம் நாட்டில் தயாராகிற விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் ஆனது, இதற்கு அது வேலை செய்யாது. சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய விஷம் இதற்கு. சின்னப் பாம்புதானே என்று விட்டுவிடாமல் மருத்துவமனையில் காட்டிக் கண்காணிப்பில் இருக்க வேண்டும்.

நம்பிக்கை: தேன் உறைந்தால் சர்க்கரைப்பாகு, தண்ணீரில் கரையாமல் அடியில் தங்கினால் சுத்தமான தேன்.

உண்மை: கெட்டியான சர்க்கரைப்பாகும் தண்ணீரில் அடியில்தான் தங்கும். தீக்குச்சி, காகிதம், எறும்புச் சோதனைகளும் இதே கதைதான். மார்த்தாண்டம் தேனில் பெரும்பகுதி ரப்பர்த் தேன். அது பூவிலிருந்துகூட வருவதில்லை. இலை உதிர்ந்து புதுத்துளிர் விட்ட பிறகு, இலைக்காம்பில் இருக்கிற சுரப்பியில் ஊறுகிற மதுவைத் தேனீக்கள் சேர்க்கின்றன. அந்தத் தேன் சீக்கிரம் உறையும், அது அதன் இயல்பு. பாத்திரத்தில் வெந்நீர் வைத்து அதில் புட்டியை இறக்கினால் இளகிவிடும். கலப்படத்தை ஆய்வுக்கூடத்தில்தான் கண்டறிய முடியும். அதனால் அக்மார்க் முத்திரை பார்த்து வாங்குங்கள், அல்லது பெட்டி வைத்துத் தேனீ வளர்க்கிறவரிடமே வாங்குங்கள்.

நம்பிக்கை: காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்பும் சுற்றிப் பார்க்கிற இடம்தான்.

உண்மை: அது அவர்களுடைய வீடு. பேச்சிப்பாறை நீர்த்தேக்கத்துக்கு அப்பால் உள்ள குடியிருப்புகளிலிருந்து மருத்துவமனைக்கும் சந்தைக்கும் வரப் படகை நம்பி இருக்கிற குடும்பங்கள் உண்டு. முன்பின் தெரியாதவர்கள் முற்றத்தில் வந்து படம் எடுப்பது உங்கள் தெருவில் நடந்தால் உங்களுக்குப் பிடிக்குமா? அழைப்பு இருந்தால் போங்கள். மிளகோ தேனோ வாங்கினால் சொன்ன விலையைக் கொடுங்கள், பேரம் வேண்டாம்.

இந்த மலையில் தங்க வருகிறவர்கள் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. ஆற்றில் இறங்கும் முன் அந்தக் கரையில் இருக்கிறவரிடம் கேளுங்கள். ஒற்றையடிப் பாதையில் நடக்கும் முன் தோட்டக்காரரிடம் கேளுங்கள். ஆறு மணிக்கு மேல் காட்டுச் சாலையில் வண்டி ஓட்ட வேண்டாம் என்று வீட்டுக்காரர் சொன்னால் கேளுங்கள். பக்கத்தில் யானை இறங்கியிருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். கொண்டுவந்த பிளாஸ்டிக்கையும் புட்டியையும் திரும்ப எடுத்துப் போங்கள். நீங்கள் குளிக்கிற இந்தத் தண்ணீரைத்தான் கீழே நாஞ்சில் நாடு குடிக்கிறது, அதில்தான் நெல் விளைகிறது.