மரக்காணத்துப் பாத்தியில் இல்லாத படிகம்

அன்புள்ள தம்பிக்கு,

மரக்காணம் உப்பளப் படத்தை ஃப்ராக்டல் முறையில் சுருக்கி நீ எழுதிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நிரலை என் கணினியிலும் ஓட்டிப் பார்த்தேன், சுத்தமாக ஓடுகிறது. ஆனால் கடைசிப் பக்கத்தில் பெரிதாக்கிப் போட்ட படம் என்னைத் தூங்கவிடவில்லை.

வரப்போரத்தை நான்கு மடங்கு பெரிதாக்கி, ஜேபெக் கட்டம் கட்டமாக உடைகிற இடத்தில் நம் முறை உப்புப் படிகத்தையே காட்டுகிறது என்று எழுதியிருக்கிறாய். அது படிகம் இல்லை, தம்பி. நம் முறை படத்தின் ஒவ்வொரு சிறு துண்டுக்கும் அதே படத்தில் ஒப்பான பெரிய துண்டு ஒன்றைத் தேடுகிறது. அந்த வரப்போரத் துண்டுக்கு ஒப்பாக உன் நிரல் தேர்ந்தெடுத்தது, தள்ளி நிற்கும் உப்புக் குவியலின் சரிவை. விரிக்கும்போது அதையே மேலும் மேலும் சிறிதாக்கி இங்கே ஒட்டுகிறது. குவியலை மூடிய பனையோலையின் கீற்றுதான் உன் படத்தில் மயிரிழையாகக் கிளை பிரிந்து நிற்கிறது. உப்பு அப்படி விளையாது. வெயில் ஏறி, பாத்தி நீர்மேல் ஆடை படியும் நேரத்தில் குனிந்து பார்: சின்னச் சின்னச் சதுரங்கள், விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் நேராக இருக்கும். கேமராவுக்குள் வராத அந்தச் சதுரத்தை எந்தக் கணக்கும் திருப்பித் தராது.

விகிதத்திலும் இதே தப்பு. 256-க்கு 256 கறுப்பு வெள்ளைப் படம் 65,536 பைட். நீ அதை 4,096 பைட்டுக்குக் கொண்டுவந்தாய். விகிதம் 16. அதை 1024-க்கு 1024 ஆக விரித்து, விரித்த அளவை வகுத்து 256 என்று போட்டுவிட்டாய். இந்த முறையின் முன்னோடிகளான பார்ன்ஸ்லியும் ஸ்லோனும் 1988இல் ‘பைட்’ இதழில் 10,000 மடங்கு சுருக்கலாம் என்றார்கள். ஆள் உட்கார்ந்து கையால் பிரித்த படங்களுக்கான கணக்கு அது. பார்ன்ஸ்லியின் மாணவர் ஜாக்கின் எந்தப் படத்தையும் தானாகச் சுருக்க வழி கண்ட பிறகு விகிதம் தரைக்கு வந்தது. 16 நல்ல விகிதம். அதைச் சொல்ல ஏன் கூச்சம்?

1994இல் நான் இதே அளவுப் படத்தை இந்த முறையில் சுருக்கியபோது என்னிடம் இருந்தது 486 கணினி. 8-க்கு 8 துண்டுகள் 1,024. ஒவ்வொன்றோடும் ஒப்பிட 16-க்கு 16 துண்டுகள் 58,081, அவற்றைத் திருப்பியும் புரட்டியும் எட்டு விதம். மொத்தம் 47 கோடிக்கு மேல் ஒப்பீடு. இரவு ஓடவிட்டுப் போனேன். விடியற்காலை மின்வெட்டு, எல்லாம் போயிற்று. மறுநாள் இரவு மறுபடி ஓட்டினேன். விரித்தபோது வெறும் சாம்பல் திரையிலிருந்து எட்டே சுற்றில் படம் எழுந்து வந்தது. அந்தக் காலைப்பொழுது இன்னும் கண்ணில் நிற்கிறது.

முன்னுரையில் எல்லாம் பார்ன்ஸ்லி இருந்த அட்லாண்டாவில் தொடங்கியதாக எழுதியிருக்கிறாய். தாம்பரத்தை எப்படி விட்டாய்? சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் மூவரும் கோலத்துக்கு இலக்கணம் எழுதிக் கட்டுரை வெளியிட்டது 1974இல். கணிதவியலாளர் மண்டல்பிராட் ஃப்ராக்டல் என்ற சொல்லை உண்டாக்கியது 1975இல். ‘கிருஷ்ணன் கொலுசு’ கோலத்தைப் பார்: சிறிய கோலம் நான்கு சேர்ந்தால் பெரிய கோலம், அது நான்கு சேர்ந்தால் அதைவிடப் பெரியது. கோலம் போடுகிறவர் விதியிலிருந்து படத்துக்குப் போகிறார். நீ படத்திலிருந்து விதியைத் தேடுகிறாய். கஷ்டமான வேலை உன்னுடையதுதான். ஆனால் வழி ஒன்றே. இதை நான் யாரைப் பார்த்தாலும் சொல்வேன், உனக்கும் சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் மனம் நிறைந்து சொல்ல வேண்டும். கடல்நீர் தேக்கும் பெரிய பாத்தியின் வரப்பும், உப்பு விளையும் சின்னப் பாத்தியின் வரப்பும் ஒரே உருவத்தின் இரண்டு அளவுகள் என்று கண்டு, இந்தப் படத்தையே தேர்ந்தெடுத்தாய் பார், அது பெரிய கண். முப்பது வருஷமாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய்வருகிற எனக்கு அது தோன்றவே இல்லை. இந்தத் துறையில் இதைவிடப் பொருத்தமான படத்தை நான் பார்த்ததில்லை.

மழைக்கு முன்னால் ஒரு காலை மரக்காணத்துக்குப் போ. அதே வரப்போரத்தை மிக அருகில் படம் எடு. உன் நிரல் காட்டிய படிகத்துக்குப் பக்கத்தில் அதை அச்சிட்டு, கீழே 16 என்று எழுதி எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்