மயிர்க்கால் புற்றும் நுண்ணோக்கியின் தீர்ப்பும்

தலையில் பல ஆண்டுகளாக இருந்துவரும் வலியற்ற கட்டியைக் கழலை என்று கருதி விட்டுவிடுதல் நம் நாட்டில் எங்கும் உள்ள வழக்கம். சித்தூர், திருப்பதி மாவட்டங்களும் இதற்கு விலக்கல்ல. பெரும்பாலும் அக்கருத்து சரியாகவே இருக்கும். ஆயினும் அத்தகைய கட்டிகளுள் மிகச் சில, மயிர்க்காலின் சாயலைக் கொண்ட புற்றுநோயாக இருத்தல் கூடும். வெளித்தோற்றத்தைக் கொண்டு இவற்றை உறுதியாகப் பிரித்தறிய இயலாது. நான்கைந்து மைக்ரான் தடிப்புள்ள திசுச் சீவலே அதனைத் தெரிவிக்க வேண்டும்.

மயிர்க்கால் ஒரே வகை உயிரணுவால் ஆனதன்று. அடியில் முடியை உருவாக்கும் விளைதிசுவும், அதற்கு மேல் முடியைச் சூழ்ந்த உள்ளுறை, வெளியுறை ஆகியனவும் உள்ளன. கட்டி எப்பகுதியை ஒத்து வளர்கிறதோ அதற்கேற்ப அதன் தோற்றம் அமைகிறது. விளைதிசுவை ஒத்த கட்டியில், கருநீல உயிரணுக்களுக்கு அருகே, உட்கரு மறைந்து வெறுங்கூடாக நிற்கும் 'நிழல் உயிரணுக்கள்' தென்படும். இதன் தீங்கற்ற வகையை 1880ஆம் ஆண்டில் பிரெஞ்சு மருத்துவர்களான மாலெர்பும் ஷெனான்தேயும் விவரித்தனர். ஆனால் அது நெய்ச்சுரப்பியிலிருந்து எழுவதாகக் கருதினர். மயிர் விளைதிசுவைக் குறிக்கும் பெயரை 1961இல்தான் ஃபோர்பிஸ், ஹெல்விக் ஆகியோர் அதற்குச் சூட்டினர். வெளியுறையை ஒத்த கட்டிகளில் உயிரணுக்கள் கிளைக்கோஜன் நிறைந்து வெளிறித் தோன்றலாம். மேல்தோலில் உள்ள துகட்படலம் இன்றியே அவை திடீரெனக் கெராட்டினாக மாறும்.

உண்மையான இடர்ப்பாடு, தீங்கற்றதற்கும் புற்றுக்கும் இடையேயுள்ள எல்லையில் எழுகிறது. அடித்தள உயிரணுப் புற்றில் ஓரத்து உயிரணுக்கள் வேலிக்கால்கள் போல வரிசையாக நிற்கும். உயிரணுத் தொகுதிக்கும் சுற்றுத்திசுவுக்கும் இடையே பிளவு காணப்படும். டிரைக்கோபிளாஸ்டோமா என்னும் தீங்கற்ற கட்டியிலும் அதே வரிசை உண்டு. ஆனால் அதன் பிளவு, கட்டிக்குரிய சுற்றுத்திசுவுக்கு வெளியே அமையும். சைட்டோகெராட்டின் 20 என்னும் புரதத்திற்கான சோதனை, பின்னதில் சிதறிக் கிடக்கும் மெர்க்கல் உயிரணுக்களைக் காட்டி உதவும். இவ்வேறுபாடு சிறிதன்று. முன்னதைத் தவறவிட்டால் நோய் ஆழப் பரவும். பின்னதைப் புற்றென்று கொண்டால், முகத்தில் தேவைக்கு மேற்பட்ட அறுவை நேரும். கட்டியின் ஓரம் அடங்காத சிறு துணுக்கைக் கொண்டு, எத்துணைத் தேர்ந்தவராயினும், முடிவு கூறுதல் கடினம்.

திருப்பதியில் 1960இல் தொடங்கப்பெற்ற ஸ்ரீ வெங்கடேசுவரா மருத்துவக் கல்லூரியும், 1993இல் செயற்படத் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேசுவரா மருத்துவ அறிவியல் நிறுவனமும் உள்ளன. சித்தூரிலிருந்து திருப்பதி சுமார் 70 கிலோமீட்டர். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி அதனினும் அருகில். ஆகவே தொலைவு பெருந்தடையன்று. சிறு மருத்துவமனையில் அகற்றப்பட்ட கழலை, குப்பைக்குச் செல்கிறதா, பார்மலினுக்குச் செல்கிறதா என்பதே வினா. கட்டியின் கன அளவைப்போல் பத்து மடங்கு, 10 சதவீத பார்மலின் வேண்டும். வாய் குறுகிய குப்பியில் திணித்தல் ஆகாது. நோயாளியின் வயது, கட்டி இருந்த இடம், எத்தனை காலமாக இருந்தது, முன்பு அகற்றப்பட்டதா என்பனவற்றை உடன் எழுதியனுப்ப வேண்டும். மெழுகில் பதித்த திசு பல ஆண்டுகள் கெடாது. கட்டி மீண்டும் தோன்றினால் பழைய மெழுகுக் கட்டியை எடுத்துப் புதிதாகச் சீவி, இரண்டையும் ஒப்பிட இயலும்.