ஹெலிகாப்டர் பறந்தால் நிலம் போய்விடுமா?



போர் போடும் முன் நம்ம ஊரில் என்ன செய்கிறோம்? ஒருவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு தோட்டம் முழுக்க நடக்கிறார். "இங்கதானுங்க நீரோட்டம்" என்கிறார். கடன் வாங்கி ஆயிரம் அடி போட்டாலும் சில சமயம் புகைதான் வருது. மண்ணுக்குள் இருப்பதைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டம்.

அணு மின்சாரத்துக்கு வேண்டிய யுரேனியமும் மண்ணுக்குள்தான் இருக்கிறது. அதைத் தேடுவது ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட, மத்திய அரசின் அணுக் கனிம இயக்ககம். வானத்தில் பறந்தும் தேடுகிறார்கள். எப்படி?

முதல் வழி: யுரேனியம் உள்ள பாறையில் இருந்து காமா கதிர் வரும். பறந்துகொண்டே அதைக் கருவியில் அளப்பார்கள். ஆனால் இரண்டு முழம் மண் மூடியிருந்தாலே கதிர் வெளியே வருவது அரிது.

இரண்டாம் வழி: ஹெலிகாப்டருக்குக் கீழே பெரிய வளையம் தொங்கும். அதில் மின்சாரத்தை விட்டு விட்டுப் பாய்ச்சுவார்கள். நிறுத்தியதும், மின்சாரம் கடத்தும் பாறைகளில் இருந்து பதில் அலை வரும். நூற்றுக்கணக்கான அடி ஆழத்தில் என்ன மாதிரிப் பாறை என்று அதில் தெரியும்.

இதில் முக்கியமான விஷயம்: இந்த வளையம் யுரேனியத்தைக் காட்டாது. இருக்கலாம் என்ற இடத்தை மட்டும் காட்டும். நர்ஸம்மா கண் இமையை இழுத்துப் பார்த்து ரத்த சோகை என்று சந்தேகப்படுவார். ரத்தம் சோதித்தால்தானே உறுதி? அதுபோல, துளையிட்டு, கல்லை எடுத்துச் சோதித்தால்தான் உறுதி.

இதே முறையில் தண்ணீரும் தேடலாம். நம் கடலூர் மாவட்டத்தில் நிலத்தடி நீருக்காக இப்படி ஹெலிகாப்டர் ஆய்வு நடந்திருக்கிறது.

ஆகவே, ஹெலிகாப்டர் பறந்தாலே "நிலம் போகப்போகுது" என்று யாராவது சொன்னால் பயந்து, அடிமாட்டு விலைக்கு விற்றுவிடாதீர்கள். எந்தத் துறை, எதற்காகத் தேடுகிறது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். துளை போட வந்தால் கிராம சபையில் எழுந்து கேளுங்கள். தெலுங்கானாவில் நல்லமலைக் காட்டு மக்கள் கேட்டார்கள். அங்கே யுரேனியச் சுரங்கம் வேண்டாம் என்று 2019 செப்டம்பரில் சட்டமன்றமே தீர்மானம் போட்டது.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்:
1. வானத்தில் இருந்து பார்ப்பதற்கும் துளை போடுவதற்கும் என்ன வித்தியாசம்?
2. நம் ஊரில் போர் போடும் முன் யாரிடம் ஆலோசனை கேட்கலாம்?