ஊர் வாசிகசாலை: இடிக்காமல் பெருப்பிக்கும் வழி

கேள்வி: எங்கள் தீவில் பெற்றோர் காலத்து வாசிகசாலை ஒன்று இருக்கிறது. முருகைக்கல் சுவர், பனைமரக் கூரை, மேலே ஓடு. சுவரில் உப்புப் பூத்திருக்கிறது, மழைக்கு ஒழுகுகிறது. வெளிநாட்டிலுள்ள ஊர்ச் சங்கம் பணம் தர முன்வந்துள்ளது. இடித்துவிட்டு மாடி வைத்துக் கட்டலாமா?

பதில்: இடிக்க வேண்டாம். முருகைக்கல் சுவர் கறுத்து, காரை கழன்று கிடந்தாலும் பெரும்பாலும் உள்ளே உறுதியாகவே இருக்கும். பழைய மண்டபத்தைத் திருத்தி, புதிய தேவைகளுக்குப் பின்புறம் தனி அறை கட்டுங்கள். செலவைத் தவணை தவணையாகப் பிரிக்கலாம், வேலை நடக்கும்போதும் வாசிப்பு நிற்காது. யாழ்ப்பாணத் தீவகத்தின் ஊர்காவற்றுறை, வேலணை, நயினாதீவு, நெடுந்தீவு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

மேசனைக் கூப்பிடுவதற்கு முன்

முதலில் காணி உறுதியைத் தேடி எடுங்கள். காணி யார் பெயரில் இருக்கிறது, வாசிகசாலையை நடத்தும் சனசமூக நிலையத்தின் பதிவு நடப்பில் உள்ளதா என்று பாருங்கள். பிரதேச சபையில் கட்டட அனுமதி பெறுங்கள். கட்டடம் மிகப் பழையது என்றால் தொல்பொருளியல் திணைக்களத்திடமும் கேளுங்கள். நன்கொடை கைக்கு வந்தபின் காணிச் சிக்கல் கிளம்பினால் பணமும் ஊர் ஒற்றுமையும் சேர்ந்தே கெடும்.

அடுத்தது நூல்கள். ஓடு ஒன்றைக்கூட அசைக்குமுன் எல்லா நூல்களையும் வெளியே எடுத்து, தூசு தட்டி, பட்டியல் எழுதுங்கள். ஈரமான நூலை வெயிலில் காயவைக்கக் கூடாது, நிழலில் காற்றாட விரித்துவையுங்கள். ஏட்டுச் சுவடி அகப்பட்டால் கழுவவோ கட்டவிழ்க்கவோ வேண்டாம். துணியில் சுற்றிவைத்து, சுவடி தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

பழைய பாடசாலை மலர்கள், கோயில் திருவிழா மலர்கள், அந்தியேட்டிக்கு அச்சிட்ட 'கல்வெட்டு'கள் ஆகியவற்றைத் தனிப்பெட்டியில் வையுங்கள். வேறெங்கும் பிரதி கிடைக்காத ஊர்ச் சரித்திரம் அவற்றில் இருக்கிறது. 1990, 1991 போர்க்கால இடப்பெயர்வுகளில் தீவகம் இழந்த வீடுகளையும் பெயர்களையும் சில வேளை அந்தக் கல்வெட்டுகளில்தான் காணலாம். அவற்றை மின்வடிவாக்கிப் பிரதி எடுத்து வைப்பது கட்டட வேலையைவிட அவசரமானது. 2005 முதல் ஈழத்து நூல்களை மின்வடிவில் சேர்த்துவரும் நூலக நிறுவனத்தோடு தொடர்பு கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 மே 31 இரவு எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. கட்டடம் திரும்ப எழுந்து 2003இல் திறக்கப்பட்டது. ஒரேயொரு பிரதியாக இருந்த சுவடிகள் திரும்பி வரவில்லை. சிறிய வாசிகசாலைக்கும் இந்தப் பாடம் உண்டு.

சுவருக்குச் சுண்ணாம்பு

தீவகத்தில் இத்தகைய கட்டடங்களைக் கெடுப்பது பெரும்பாலும் நல்லெண்ணத்தோடு பூசிய சீமெந்துதான். முருகைக்கல் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும் கல். சுண்ணாம்புச் சாந்து அந்த ஈரத்துக்கு வழிவிடும். சீமெந்து அதை அடைத்துவிடும். உள்ளே அகப்பட்ட ஈரத்தோடு உப்பும் இருக்கும். அந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் பளிங்காகி, கல்லின் முகத்தையே உடைத்துத் தள்ளும். சீமெந்து பூசிய சில மாரிக்குள் பூச்சு தட்டுத் தட்டாகக் கழன்று விழுவது இதனால்தான்.

பழைய சீமெந்துப் பூச்சை உளியால் மெதுவாகக் கழற்றுங்கள். நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீருக்குள் மூன்று வாரமாவது ஊறவிட்டு, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் சேர்த்துக் குழையுங்கள். அரை அங்குலத்துக்குமேல் ஒரே தடவையில் பூசாதீர்கள். சோளகம் வீசும் நாட்களில் சாந்து விரைவாகக் காய்ந்து வெடிக்கும். ஒரு கிழமைக்கு நனைத்த சாக்கால் மூடி வையுங்கள். மேலே எனாமல் வர்ணம் வேண்டாம், வெள்ளையடித்தால் போதும்.

கடல் மணலும் உவர் கிணற்று நீரும் எந்தக் கலவைக்கும் ஆகாது. கொங்கிறீற்றில் உப்புச் சேர்ந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்து வீங்கி, கொங்கிறீற்றைப் பிளந்துவிடும். குறைந்த கல்லுக்காகக் கடலில் முருகைக்கல் உடைக்காதீர்கள், அது சட்டப்படி குற்றம். இடிந்து கிடக்கும் பழைய சுவர்களின் கல்லை உரியவரிடம் கேட்டு வாங்கலாம்.

வேலையின் காலக்கணக்கு

ஆவணியில் தொடங்குங்கள். மாரிக்கு முன் கூரையின் ஒழுக்கை அடைத்து, பீலி பூட்டி, மழைநீர்த் தொட்டியைக் கட்டி முடியுங்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை தொட்டி நிறையும். அந்த நன்னீரே தை பிறந்தபின் சாந்து குழைக்க உதவும். மழை நாட்களை நூற்பட்டியலுக்குச் செலவிடலாம். நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் எல்லாப் பொருளும் குறிகட்டுவானிலிருந்து படகில் வரவேண்டும். சீமெந்தும் சுண்ணாம்பும் நனையாமல் வர, கடல் அமைதியான நாட்களைப் பார்த்து ஏற்றுங்கள். ஏற்று கூலி, இறக்கு கூலி இரண்டையும் மதிப்பீட்டில் தனியாக எழுதுங்கள்.

கூரையில் வைரமேறிய பனை வளையும் கைமரமும் நல்ல நிலையில் இருந்தால் மாற்ற வேண்டாம். கறையான் அரித்த துண்டை மட்டும் வெட்டி ஒட்டுப்போடலாம்.

புதிய அறை

பழைய சுவரோடு புதிய சுவரைப் பிணைக்காதீர்கள். இரண்டு அத்திவாரமும் வெவ்வேறு அளவில் அமரும், பொருத்தில் வெடிப்பு வரும். நடுவே கூரையிட்ட சிறு நடை விட்டு, பழைய முகட்டைவிடத் தாழ்வாகக் கட்டுங்கள். வாடை மழையும் சோளகத் தூசும் உள்ளே வராதபடி இரு பக்கமும் அகலமான விறாந்தை வையுங்கள்.

நெருக்கி அடுக்கிய மூன்றடி இறாக்கைத் தட்டு ஒன்றின் பாரம் சுமார் 30 கிலோ வரும். அதனால் நூல்களைக் கீழ்த்தளத்திலேயே வையுங்கள். இறாக்கையைச் சுவரிலிருந்து அரை அடி தள்ளி வைத்தால் ஈரமும் கறையானும் பார்வைக்குத் தெரியும். வாசலில் முதியவர்களுக்குச் சாய்தளம் அமையுங்கள். மலசலகூடக் குழியைக் கிணற்றிலிருந்து இயன்றவரை தள்ளி வெட்டுங்கள். சுண்ணக்கல் நிலத்தில் கழிவு விரைவாக நன்னீரை எட்டிவிடும்.

திறப்பு விழாவுக்குப் பிறகு

திரட்டிய பணம் முழுவதையும் கட்டடத்தில் போடாதீர்கள். ஒரு பங்கை வங்கியில் நிலையான வைப்பாக இட்டு, வட்டியில் நூலகருக்குச் சம்பளமும் பத்திரிகைச் செலவும் கொடுங்கள். கரம்பொன்னில் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகள், புங்குடுதீவின் மு. தளையசிங்கம், சு. வில்வரத்தினம் ஆகியோரின் நூல்களுக்கு ஓர் இறாக்கை ஒதுக்குங்கள். ஊர்ப் பிள்ளைகள் அவற்றை முதலில் அங்கேதான் தொட வேண்டும்.

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1933இல் க. மு. செல்லப்பா தம் வீட்டில் வைத்து இரவல் கொடுத்த நூல்களிலிருந்து வளர்ந்தது. 1934இல் வாடகை அறையில் திறந்தபோது அதனிடம் இருந்தவை 844 நூல்கள்தான். புகழ்பெற்ற கட்டடம் வந்தது 1959இல். இடைப்பட்ட 25 ஆண்டுகளும் யாரோ ஒருவர் நாள்தோறும் கதவைத் திறந்து வைத்திருந்தார். உங்கள் வாசிகசாலைக்கும் அந்த ஒருவரை இப்போதே தேடுங்கள், சுண்ணாம்பு ஊறும் மூன்று வாரத்துக்குள் கிடைத்துவிட்டால் நல்லது.