ஸ்டீயரிங் ஆட்டமும் பத்தாம் வகுப்புக் கணக்கும்

கீரிப்பாறை, காளிகேசம் பக்கத்து ரப்பர் தோட்டப் பாதைகளில் பழைய ஜீப்புகளுக்கு இன்னும் வேலை இருக்கிறது. 1947-இல் வில்லிஸ் ஜீப்பின் பாகங்களை வரவழைத்துப் பொருத்தத் தொடங்கிய மகிந்திராவின் பிற்கால வண்டிகள் இவை. என் மாணவர்கள் சிலர் மலையிறங்கிப் பள்ளிக்கு வருவதும் அப்படியொரு ஜீப்பில்தான். அதன் ஸ்டீயரிங் தேய்ந்து பழுதுபார்க்க வந்தபோது, பத்தாம் வகுப்பினரை நாகர்கோவில் ஒர்க்‌ஷாப்புக்கு அழைத்துச் சென்றேன்.

"பெட்டியை மாத்தணும் சார்" என்றான் ஒருவன். மெக்கானிக் ஆசான் சிரித்தார். "மக்களே, ஆட்டம் தெரியுறது வீல்ல. இருக்கது எங்கேன்னு தொட்டுப் பாருங்க."

எஞ்சினை அணைத்து, சக்கரங்களுக்குக் கட்டை வைத்தார். ஜாக்கி போடவில்லை, பிள்ளைகள் குனியும் வண்டியைத் தூக்கி நிறுத்தக் கூடாது. ஒருவர் ஸ்டீயரிங்கை இலேசாக இடம் வலமாக அசைக்க, மற்றவர்கள் ஒவ்வொரு இணைப்பிலும் விரல் வைத்தார்கள். பிட்மேன் ஆர்ம், டிராக் லிங்க், பெல் கிராங்க், டை ராடு என்று வரிசையாக. ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் சும்மா நிற்கும் இடமே தேய்ந்த இடம். இங்கே பெல் கிராங்கில் கொஞ்சம், டை ராடு எண்டு இரண்டிலும் அதிகம். சிறிய தேய்வுகள் கூடித்தான் பெரிய ஆட்டம் ஆகியிருந்தது.

எவ்வளவு பெரியது? விளிம்பில் 5 செ.மீ. ஸ்டீயரிங்கின் விட்டம் 40 செ.மீ., சுற்றளவு சுமார் 126 செ.மீ.; ஆகவே 14 டிகிரிக்குச் சற்று மேல். ஸ்டீயரிங் 14 டிகிரி திரும்பினால் சக்கரம் 1 டிகிரி திரும்பும் என்று வைத்துக்கொள்வோம். tan 1° = 0.0175. பத்து மீட்டர் ஓடுவதற்குள் வண்டி 17 செ.மீ. விலகலாம். ஓடையை ஒட்டிய பாதையில் 17 செ.மீ. என்ன என்பதை அந்தப் பிள்ளைகளுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. முக்கோணவியலை இத்தனை அமைதியாக என் வகுப்பு கேட்டதும் இல்லை.

கழற்றிய டை ராடு எண்டு கைமாறியது. தோளில் உள்ள அதே பந்துக் கிண்ண மூட்டு. குழாயின் ஒரு முனையில் வலமரை, மறுமுனையில் இடமரை இருப்பதால், கழற்றாமலே குழாயைத் திருகி நீளத்தை மாற்றலாம். புதியவற்றைப் பொருத்தி, நட்டுக்குக் காட்டர் பின் குத்தி, முன்சக்கரங்களின் இடைவெளியை முன்னும் பின்னும் டேப்பால் அளந்து சரிசெய்தார்.

விளிம்பில் ஆட்டம் 2 செ.மீ. ஆகக் குறைந்தது. மீதியையும் பெட்டியின் திருகை இறுக்கிப் போக்கலாமே என்று கேட்டார்கள். ஆசான் மறுத்துவிட்டார். நேராக ஓடும் நேரமே அதிகம் என்பதால் பெட்டியின் பற்கள் நடுவில்தான் தேயும். அந்த இடத்துக்கென்று இறுக்கினால், வளைவில் திருப்பும்போது பிடித்துக்கொள்ளும்.

ஜீப் கிடைக்காத பள்ளிகளுக்குச் சைக்கிள் போதும். முன் பிரேக்கைப் பிடித்தபடி முன்னும் பின்னும் அசைத்தால், ஹேண்டில் பேரிங்கின் ஆட்டம் விரலுக்குத் தெரியும்.