ரிட்டர்னை எண்ணாதீர்கள், கையில் இருப்பதைப் பாருங்கள்

"ஒரு ஃபங்ஷனுக்கு ஒரே ரிட்டர்ன், அதுவும் கடைசி வரியில்" என்ற விதியை சி கற்ற பலரும் கேட்டிருப்போம். 1968-ல் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா கோ-டூவைக் கண்டித்து எழுதிய காலத்துச் சிந்தனையில் வளர்ந்த பழக்கம் அது. கார்களில் ஓடும் நிரல்களுக்காக உருவான மிஸ்ரா சி, 2004 பதிப்பில் இதைக் கட்டாயமாக வைத்திருந்தது. 2012 பதிப்பில் பரிந்துரை என்ற அளவுக்கு இறக்கிவிட்டது. பல வருடங்கள் சி எழுதியும், பிறர் எழுதியதை ரிவ்யூ செய்தும் நான் வந்து சேர்ந்த முடிவு இது: ரிட்டர்ன் போடும் இடத்தில் ஃபங்ஷன் எதைக் கையில் வைத்திருக்கிறது என்று பார்த்தால் போதும்.

கான்ஃபிக் ஃபைலைப் படிக்கும் ஒரு ஃபங்ஷனை எடுத்துக்கொள்வோம். பாயின்டர் சரியாக வந்திருக்கிறதா, பஃபர் அளவு பூஜ்யமா, ஃபைல் பெயர் காலியா என்ற சோதனைகள் முதலில் வரும். இங்கே எதையும் திறக்கவில்லை, எதையும் வாங்கவில்லை. தப்பு தெரிந்தால் அங்கேயே ரிட்டர்ன் போடுங்கள். ஒரே வாசல் வேண்டும் என்று இஃப்புக்குள் இஃப் வைத்தால், உண்மையான வேலை நாலாம் அடுக்கில் போய் ஒளிந்துகொள்ளும். முதல் சோதனையின் எல்ஸ் திரைக்குக் கீழே எங்கோ கிடக்கும்.

எஃப்ஓப்பன் வந்துவிட்டால் கதை மாறுகிறது. அடுத்து மாலாக் தோற்றால் வெறும் ரிட்டர்ன் போட முடியாது. ஃபைலை மூட வேண்டும். முதலில் எழுதியவர் இதைச் சரியாகவே செய்திருப்பார். பின்னால் வந்து நடுவில் ஒரு சோதனையைச் சேர்ப்பவர்தான் ரிட்டர்ன் போட்டுவிட்டுப் போவார். நான் பார்த்த கசிவுகளில் பெரும்பாலானவை இப்படி வந்தவை. சர்வரில் இது உடனே தெரியாது. திறந்த ஃபைல்கள் வரம்பை எட்டிய பிறகு, சம்பந்தமே இல்லாத வேறொரு ஃபங்ஷனில் ஃபைல் திறக்காமல் போகும். தேடுபவர் அங்கேதான் தேடுவார்.

ஆகவே முதல் பொருளை வாங்கிய வரிக்குக் கீழே ஒரே வாசல்தான். லினக்ஸ் கெர்னல் இதற்குக் கோ-டூவையே பயன்படுத்துகிறது. வாங்கிய வரிசைக்குத் தலைகீழாக விடுவிக்க வேண்டும். லேபிளின் பெயர் அங்கே என்ன நடக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். பாயின்டர்களைத் தொடக்கத்திலேயே நல் ஆக்கிவிடுங்கள். ஃப்ரீக்கு நல் கொடுத்தால் ஒன்றும் ஆகாது, சி தரநிலையே அதற்கு உத்தரவாதம். எஃப்க்ளோஸுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது, சோதித்துவிட்டுத்தான் கூப்பிட வேண்டும்.

இதிலும் ஒரு பள்ளம் உண்டு. 2014-ல் ஆப்பிளின் எஸ்எஸ்எல் நிரலில் 'கோ-டூ ஃபெயில்' என்ற வரி இரண்டு முறை விழுந்திருந்தது. இரண்டாவது வரி எந்த இஃப்புக்கும் கட்டுப்படாமல் நேரே லேபிளுக்குத் தாவியது. முந்தைய படி வெற்றி பெற்றிருந்ததால் எர்ர் என்ற மாறியில் பூஜ்யம் இருந்தது. கையொப்பத்தைச் சரிபார்க்காமலே "வெற்றி" என்று ஃபங்ஷன் திரும்பியது. இஃப்புக்கு எப்போதும் அடைப்புக்குறி போடுங்கள் என்பது எல்லாரும் சொல்லும் பாடம். அதைவிட நான் முக்கியமாக நினைப்பது, ஒவ்வொரு படியின் விடையையும் ஃபங்ஷனின் இறுதி முடிவையும் தனித்தனி மாறிகளில் வைப்பது. இறுதி முடிவு 'தோல்வி' என்றே தொடங்கட்டும். எல்லாப் படிகளும் முடிந்த பிறகு, ஒரே ஒரு வரியில் மட்டும் அது 'வெற்றி' ஆகட்டும்.

கோ-டூவே கூடாது என்கிற குழுவில் இருக்கிறீர்களா? ஃபங்ஷனை இரண்டாக்குங்கள். வெளியே இருப்பது ஃபைலைத் திறக்கட்டும், மூடட்டும். உள்ளே இருப்பது திறந்த ஃபைலை வாங்கிக்கொண்டு, இஷ்டம்போல் எங்கே வேண்டுமானாலும் ரிட்டர்ன் ஆகட்டும். எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான்.

அடுத்த முறை ரிவ்யூவுக்கு உட்காரும்போது, முதல் பொருள் வாங்கப்பட்ட வரியைக் கண்டுபிடியுங்கள். அதற்குக் கீழே இருக்கும் ஒவ்வொரு ரிட்டர்னுக்கும் எழுதியவரிடம் காரணம் கேளுங்கள்.